பஸ்பூசா தொலைந்த நாட்கள்

தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு. ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம், எந்த வீட்டிலும் உட்கார முடியாது. அலெக்ஸாந்திரியாவில் தஸூகி தன் காலம் முழுக்க அந்த வேலையைத்தான் பார்த்தார். கதவைத் தட்டுவார், "தண்ணி கம்பெனி" என்பார், சமையலறையில் குழாய்க்குக் கீழே குனிந்து எண்ணைப் பார்ப்பார், வெளியே வந்துவிடுவார். அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூக்குக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு தட்டுவதற்கு அந்தக் கதவுகளும் இல்லாமல் போயின.

மனைவி கரீமா இறந்துவிட்டாள். ஒரே மகள் நெர்மீன் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, ஹாம்பர்க்கில் ஒரு மிருக ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். படிக்கிற காலத்தில் அவள் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு பாம்பை வாங்கி வந்திருந்தாள். குட்டை வகை மலைப்பாம்பு, விஷம் கிடையாது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பழுப்பும் பொன்னிறமுமாக, அடுப்பில் சிவந்த ரவை இனிப்பைப் போல இருந்ததால் அந்த இனிப்பின் பெயரையே அதற்கு வைத்தாள்: பஸ்பூசா. கரீமா இருந்தவரை அது இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. உறைபெட்டியில் முலூகியா கீரைக்குப் பக்கத்தில் செத்த எலிகள் அதன் தீனிக்காகப் பொட்டலமாக இருப்பதை மட்டும் எப்படியோ பொறுத்துக்கொண்டாள்.

"காகிதமெல்லாம் சரியானதும் வந்து பஸ்பூசாவக் கூட்டிட்டுப் போறேன் பாபா" என்று சொல்லிவிட்டுத்தான் நெர்மீன் விமானம் ஏறினாள். காகிதம் சரியாகவில்லை. பாம்பு தஸூகியிடமே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் கைபேசி ஒலிக்கும். அங்கே அவளுக்கு மதிய உணவு நேரம். முகம் தெரிந்ததும் முதல் கேள்வி, "பஸ்பூசா எப்படி இருக்கா? காட்டுங்க."

தஸூகி கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் ரொட்டியை மென்றபடி பாம்பைக் கொஞ்சுவாள். இளைத்துவிட்டாளா, எலி தின்றாளா, தோல் உரித்தாளா என்று விசாரணை நடக்கும். அப்பா என்ன சாப்பிட்டார் என்பது கடைசியில், வேலைக்குத் திரும்புகிற அவசரத்தில் வரும். அவருக்குப் பாம்பின்மேல் பொறாமை இருந்தது என்றால் சிரிப்பீர்கள். நன்றாகவே இருந்தது. அதே சமயம் அந்தப் பாம்பு இல்லாவிட்டால் அந்த ஃபோனும் வராது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார். அதனால் அதை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் கடலிலிருந்து புயல் மழை அடித்த ஒரு வியாழக்கிழமை, தொட்டிக்குள் இருந்த கிண்ணத்தில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னல் மரக்கதவு காற்றில் படார் படார் என்று அடித்தது. அதைச் சாத்தப் போனவர், தொட்டி மூடியின் கொக்கியைப் போட மறந்துவிட்டார். மாலையில் பார்த்தால், பாம்புக்குச் சூடு தருகிற சிவப்பு விளக்குக்குக் கீழே சரளைக்கல் மட்டும்தான் இருந்தது. வெறும் தொட்டிக்கு விளக்கு எரிவதைப் பார்க்கச் சகிக்காமல் அதை அணைத்தார்.

மறுநாள் வெள்ளி. கைபேசி ஒலித்தது. சொன்னார். நெர்மீன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் டாக்டரானாள்.

"பாபா, வீடு சில்லுன்னு இருக்கு, அவ சூடு தேடித்தான் போயிருப்பா. சூடா இருக்கற எடமெல்லாம் பாக்கணும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி, வெந்நீர் பாய்லர், அடுப்புக்கு அடியில. நீங்க எங்க படுக்கறீங்க?"

"கட்டில்லதான். வேற எங்க?"

அது பொய். கரீமா போன பிறகு அவர் கட்டிலில் படுத்ததில்லை. கூடத்தில் சோபாவில்தான், டிவி பேசிக்கொண்டே இருக்க, போர்வைக்குள் சுருண்டு தூங்குவார். அதைச் சொன்னால் மகள் கவலைப்படுவாள். ஆகவே அன்றைக்கு யாரும் படுக்காத கட்டிலின் மெத்தையைப் புரட்டித் தேடினார்கள். அது பனிக்கட்டி மாதிரி கிடந்தது.

மறுநாளும் ஃபோன் வந்தது. அதற்கு மறுநாளும். தஸூகி கைபேசியை ஒரு கையிலும் டார்ச்சை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தார். "இடது பக்கம் பாபா, இன்னும் கீழ" என்று மகள் ஹாம்பர்க்கிலிருந்து ஓட்டினாள். கரீமாவின் அலமாரியைத் திறந்தபோது நெர்மீனின் குரல் மாறியது.

"அந்தப் பச்சை கவுனை வெச்சிருக்கீங்களா இன்னும்?"

"எல்லாமே இருக்கு."

"கிட்டக் காட்டுங்க."

காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் பாம்பை மறந்துவிட்டார்கள்.

பாம்பு போன வழி தெரியச் சுவரோரமாக மாவு தூவச் சொன்னாள். கடையிலிருந்து மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவரை, கீழ்வீட்டு உம்மு ஷிரீன், ஊர் வழக்கப்படி மகள் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, படிக்கட்டில் மறித்தாள்.

"என்ன அபூ நெர்மீன், இவ்ளோ மாவு? பெருநாளுக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்கு. இப்பவே பிஸ்கட் சுட்டு யாருக்குக் குடுக்கப் போறீங்க? உங்க வீட்டுக்கு ஈ காக்கா வர்றதில்லயே."

அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. குத்திய வேகத்தில் வாய் உளறியது. "பாம்பத் தேடறதுக்கு."

அவ்வளவுதான். கட்டடமே அமளிதுமளிப்பட்டது. ஜெர்மனியில் இருக்கும் டாக்டர் மகளின் யோசனையெல்லாம் உம்மு ஷிரீனிடம் எடுபடவில்லை. பாம்பென்றால் பாம்பு பிடிப்பதற்குப் பேர்போன ரிஃபாயி சூஃபி வழியைச் சேர்ந்த பாம்புக்காரர்தான் வரவேண்டும். மறுநாள் காலையிலேயே ஷேக் அத்தீயா என்பவரைக் கூட்டிவந்துவிட்டாள். தோளில் தோல் பை, கையில் கம்பு, வாய் ஓரத்தில் அணைந்த சிகரெட். வாசற்படியில் நின்று கம்பால் நிலையைத் தட்டினார்.

"இந்த வீட்டுல ஒளிஞ்சிருக்கிறவனே, எங்க பெரியவங்க பேரால கூப்பிடறேன். மேல இருந்தாலும் எறங்கு, கீழ இருந்தாலும் ஏறு. வெளிய வந்துடு."

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இந்த வீட்டில் இத்தனை பேரைத் தஸூகி கடைசியாகப் பார்த்தது கரீமாவின் துக்கத்தின்போதுதான். ஷேக் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குளியலறைக்குள் போனார். வாஷிங்மெஷினுக்குப் பின்னால் கையை விட்டார். வெளியே வந்தபோது அந்தக் கையில் ஒல்லியான, மண்ணின் நிறமுள்ள ஒரு பாம்பு நெளிந்தது. உம்மு ஷிரீன் குலவையிட்டாள். ஆளாளுக்கு ஷேக்கின் தோளைத் தட்டினார்கள். கூட்டம் திருப்தியோடு படியிறங்கியது.

ஷேக் பையைக் கட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார். "உங்களுது இது இல்லதான?"

"இல்ல."

"தெரியும். கீழ்வீட்டம்மா இன்னிக்காச்சும் நிம்மதியாத் தூங்கட்டும். அந்தம்மா தூங்கலன்னா உங்களையும் தூங்க விடாது." கதவருகே திரும்பினார். "உங்களுது கடிக்கிற சாதி இல்ல. எங்கயாச்சும் சும்மா படுத்திருக்கும்."

இதை நெர்மீனிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாஷிங்மெஷினுக்குப் பின்னால் ஷேக் கையை விட்ட தினுசை இரண்டு தடவை நடித்துக் காட்டச் சொன்னாள். அவளை அவர் கடைசியாக எப்போது சிரிக்க வைத்தார் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

பஸ்பூசா கிடைத்தது அதற்கு அடுத்த நாள் காலை. டிவி ரிமோட் சோபா மெத்தைகளின் இடுக்கில் விழுந்துவிட்டது. எடுக்கக் கையை விட்டார். வழவழவென்று ஏதோ நகர்ந்தது. மெத்தையைத் தூக்கினார். அடித்துணி கிழிந்திருந்த இடத்தில், அவர் இடுப்பு படுகிற இடத்துக்கு நேர் கீழே, பஸ்பூசா சுருண்டு கிடந்தது. அந்த வீட்டில் சூடாக இருந்தது அவர் ஒருவர்தான். பாம்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது. இத்தனை நாளும் அவர் தனியாகத் தூங்கவில்லை.

"அடி கள்ளி, எனக்கு அடியிலயா இருந்தே?" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதார்.

அதைத் தொட்டியில் விட்டார், கொக்கியை இரண்டு தடவை சரிபார்த்தார், விளக்கைப் போட்டார். மகளை அழைக்கக் கைபேசியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. கிடைத்துவிட்டது என்று சொன்னால் எங்கே என்று கேட்பாள். சோபாவைச் சொன்னால் கட்டில் பொய் வெளிப்படும். ஆனால் அது ஒரு சாக்குத்தான். உண்மை என்னவென்றால், கிடைத்துவிட்டது என்று சொன்ன அடுத்த நிமிஷத்திலிருந்து ஃபோன் மறுபடி வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும். கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

மதியம் அழைப்பு வருவதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வழக்கமாக அவர் முதுகுக்குப் பின்னால் தொட்டி தெரியும். இப்போது தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். முதுகுக்குப் பின்னால் கரீமாவின் கல்யாணப் பீங்கான்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரிதான் இருந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த நாட்களை அவர் எடை போட்டுப் பார்த்தால், ஓய்வு பெற்ற பிறகு வந்த எல்லாக் காலத்தையும்விடக் கனமாக இருக்கும். இல்லாத பாம்பை அப்பாவும் மகளும் செருப்புப் பெட்டியில் தேடினார்கள், கேக் சுடுகிற அடுப்புக்குள் தேடினார்கள், பரண்மேல் தேடினார்கள். தேடிக் களைத்ததும் அவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவார். மீட்டர் பார்க்கப் போன ஒரு வீட்டில், அவரைக் கண்டதும் "திருடன் வந்துட்டான்" என்று கத்துகிற கிளியைப் பற்றிச் சொன்னார். இன்னொரு வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் அவரை நடுவராக நிறுத்தியதைச் சொன்னார்.

"இதெல்லாம் ஏன் பாபா நீங்க எங்கிட்ட சொன்னதே இல்ல?"

"நீ கேட்டதில்லயேம்மா."

அவள் வேறெங்கோ பார்த்தாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது.

ஒன்று மட்டும் அவரை அரித்தது. நெர்மீன் இப்போதெல்லாம் பாம்பை நினைத்து அழுவதில்லை. "இன்னிக்கு எங்க தேடலாம்?" என்று சாவகாசமாகக் கேட்கிறாள். மாவில் தடம் விழுந்ததா என்று கேட்பதையே விட்டுவிட்டாள். மனம் ஆறிவிட்டது, மறக்கத் தொடங்கிவிட்டாள் என்று அவர் கணக்குப் போட்டார். மறந்துவிட்டால் தேடல் நிற்கும். தேடல் நின்றால் எல்லாம் நிற்கும்.

ஒரு நாள் காலை தொட்டியின் கொக்கியைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இன்னொரு தடவை போயேன்" என்றார் பாம்பிடம். பஸ்பூசா விளக்குச் சூட்டில் சொகுசாகக் கிடந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. தன்னைப் பார்க்கவே அவருக்குக் கேவலமாக இருந்தது. பெற்ற மகளை ஏமாற்றி அவள் நேரத்தைத் திருடுகிற அளவுக்கு வந்தாகிவிட்டது. அந்தக் கிளி சரியாகத்தான் கத்தியிருக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மூடியைப் போட்டார். சொன்ன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும்.

மதியம் மகளின் முகம் வந்தது.

"நெர்மீன், ஒண்ணு சொல்லணும். நான் கட்டில்ல படுக்கறதில்ல. உங்கம்மா போனதுலேருந்து சோபாலதான்."

"தெரியும் பாபா. தலகாணி எப்பவும் அங்கதான கெடக்கு."

அவர் தடுமாறினார். "இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பஸ்பூசா..."

"அத அப்புறம் சொல்லுங்க." அவள் வேகமாக இடைமறித்தாள். "எனக்கு நேரமாயிடுச்சு. சமையல்கட்ட நாம இன்னும் சரியாத் தேடவே இல்ல. நாளைக்கு அதப் பாப்போம். நாளான்னிக்குப் பால்கனி."

"அம்மாடி, நான் சொல்றத..."

"அப்புறம் பாபா, தண்ணிக் கிண்ணத்த வெளக்குக்கு நேர் கீழ வெக்காதீங்க. சீக்கிரம் வத்திடும். அவ தாகத்தோட இருப்பா."

தஸூகிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஃபோன் பேசும்போது திரையில் அவர் பார்ப்பது மகளின் முகத்தை மட்டும்தான். மூலையில் தன் முகம் சின்னதாகத் தெரிகிற கட்டத்தை இதுவரை அவர் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். அவர் காதுக்குப் பின்னால், பீங்கான் அலமாரியின் கண்ணாடியில், சிவப்பு விளக்கும் தொட்டியும் அதற்குள் சுருண்டு கிடந்த பஸ்பூசாவும் பளிச்சென்று தெரிந்தன. நாற்காலியைத் திருப்பிப் போட்ட அன்றிலிருந்தே தெரிந்திருக்கும்.

நெர்மீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு இதே நேரம்தான பாபா?"

"இதே நேரம்" என்றார்.

திரை அணைந்ததும் வீடு பழையபடி அமைதியானது. அவர் எழுந்து போய்க் கிண்ணத்தை விளக்குக்கு அப்பால் நகர்த்தி, தண்ணீர் ஊற்றினார். மறுநாள் மதியத்துக்கு முன்பே சமையலறைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கி, தேடுவதற்குத் தோதாகத் தரையில் பரப்பிவைத்தார். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.