ஆயுத பூஜைக்கு நேராக்கிய கிட்டார்

எது கோணலாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. காலண்டர் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால், அடுத்தவர் வீடு என்றுகூடப் பார்க்காமல் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவேன். பிறவிக் குணம் பாதி என்றால், வேலை தந்த குணம் மீதி. எண்பதுகளின் நடுவில் எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்குச் சரிபார்க்கும் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நாள் முழுக்க அதே காட்சிதான்: மயிரிழை மாதிரிக் கம்பிக்கால்கள் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு கால் தள்ளி நின்றாலும் ரிஜெக்ட். நான் ரிஜெக்ட் செய்ததை ஏன் என்று சூப்பர்வைசர்கூடக் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அண்ணனுக்குக் காதுதான் எல்லாம். ஆனால் அந்தக் காதைத்தான் அவன் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்கு ஆறு வருஷம் கொடுத்திருந்தான். காலையில் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவான். மாலையில் திரும்பி வந்து, நாங்கள் பேசுவதை இரண்டு தடவை கேட்பான். காதுக்குள் ஓயாமல் விசில் அடிக்கிறது என்றான். டாக்டர், இனி அந்தச் சத்தத்தில் நிற்காதே என்றதும் வேலையை விட்டான். கையில் மிச்சம் இருந்தது கிட்டார் ஒன்றுதான். கப்பலில் வாசித்த ஒருவரிடம் வாங்கிய பழைய எலக்ட்ரிக் கிட்டார். கல்யாண விருந்துகளில் வாசித்துக்கொண்டிருந்தவனை, டவுனில் ஒரு ஹோட்டல் இசைக்குழு கூப்பிட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து வாசித்துக் காட்டு, பிடித்திருந்தால் நிரந்தர வேலை. அந்தச் சனிக்கிழமை விஜயதசமி.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் ஆயுதம் என்று சொல்ல அம்மாவின் தையல் மெஷின், என் ஸ்குரூ டிரைவர் செட், கத்தரிக்கோல், கிட்டார். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. துடைக்கும் வேலை என்னுடையது. வியாழக்கிழமை, அண்ணன் வெளியே போயிருந்தபோது, கிட்டாரை மடியில் வைத்துத் துடைத்தேன். கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜின்மேல் ஒரு தகட்டு மூடி இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே அழுக்கு. அழுக்கைவிட மோசமாக வேறொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, அதன் பின்னால் ஒரு ஸ்குரூ. அந்த ஆறு துண்டுகளும் முன்னும் பின்னுமாகப் பல்வரிசை கெட்டதுபோல் நின்றன.

என் கை சும்மா இருக்குமா? ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு ஸ்குரூவாகத் திருகி, ஆறையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். தளர்ந்த கம்பிகளை அண்ணன் எப்படியும் முறுக்கிக்கொள்வான். மூடியைப் போட்டு, குங்குமம் வைத்தேன். இவ்வளவு நாளாக இதைக்கூடப் பார்க்காமல் வாசித்திருக்கிறானே என்று மனசுக்குள் கேலியும் செய்தேன்.

சனிக்கிழமை காலை பூஜை முடிந்ததும் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ள அம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டார். இசைக்குழுக்காரர்கள் அண்ணனின் ஆம்ப்ளிஃபயரை முந்தின நாளே வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணன் ஆம்ப் இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். கீழே வாசித்தவரை ஒன்றும் இல்லை. கிட்டார்க் கழுத்தின் நடுவைத் தாண்டி மேலே போனதும் நின்றுவிட்டான். மறுபடி சேர்த்தான். மறுபடி வாசித்தான். மறுபடி நின்றான்.

"பாப்பா, இந்த ஃபேன நிறுத்து."

நிறுத்தினேன்.

"பக்கத்து வீட்டு டிவிய கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்."

சொல்லிவிட்டு வந்தேன். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. கம்பி மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். பிறகு கிட்டாரை விட்டுவிட்டு, சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினான்.

"ஓப்பனா தட்டுனா சரியா இருக்கு. மேல அழுத்துனா கோணலா கேக்குது. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதா?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. கோணல் என்ற சொல் விழுந்ததுமே எனக்குப் பிரிட்ஜ் ஞாபகம் வந்தது. அந்தத் துண்டுகள். ஆனால் நான் நேராகத்தானே வைத்தேன், நேராக வைத்தால் எப்படிக் கெடும் என்று எனக்கு நானே வாதாடினேன். "தெரியலண்ணே" என்றேன். அது பொய். அந்தப் பொய்யோடு அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஒரு மணி நேரம் அவன் விடவில்லை. சத்தம் நின்றபோது மணி இரண்டரை. எட்டிப் பார்த்தேன். கிட்டாரைப் பாயில் கிடத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அலமாரியில் சில்லறை தேடிக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணே?"

"கீழ, கோப்பிக்கடைக்கு. போன் போட்டு வரலன்னு சொல்லிட்றேன்லா. காதே போச்சு, அப்புறம் என்ன மியூசிக்?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் கதவைத் திறந்து படியிறங்கினான். எங்கள் வீடு நாலாவது மாடி. மூன்றாவது மாடித் திருப்பம்வரை செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மரம்போல நின்றேன். சொன்னால் திட்டுவான், வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்காட்டுவான். சொல்லாவிட்டால் திட்டவே மாட்டான். காது போய்விட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொள்வான். வெறுங்காலோடு ஓடினேன்.

"அண்ணே! நான்தான் கெடுத்தேன். பிரிட்ஜ நான்தான் நேராக்குனேன்!"

அவன் திரும்பினான். மூடியைக் கழற்றியது, ஸ்கேல் வைத்தது, ஸ்குரூ திருகியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அறை விழும் என்று கன்னத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப என் காது இல்லியா?"

"இல்லண்ணே."

"நெஜமா என் காது இல்லியா?"

"ஐயோ, நான்தாண்ணே."

முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று முதலில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் திட்டு விழுந்தது, அதுவும் வேலை செய்துகொண்டே. தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் ஒரே நீளம் ஆகாது, அதனால்தான் அந்தத் துண்டுகள் முன்னும் பின்னுமாக நிற்கின்றன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கிட்டார்க் கழுத்தின் பன்னிரண்டாவது கட்டத்தில் கம்பியைப் பட்டும் படாமலும் தொட்டுத் தட்டினால் மணியடித்த மாதிரி ஒரு ஸ்வரம் வரும். அதே இடத்தில் அழுத்தித் தட்டினாலும் அதே ஸ்வரம் வர வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் துண்டைப் பின்னால் இழுக்க வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னால் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்தி, திருகி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும்.

ஆம்ப் இல்லாததால் கிட்டாரின் தலையை அலமாரிக் கதவில் அழுத்தி வைத்தான். கதவுப் பலகை சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கியது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இருவர் காதும் கதவில். அவன் தட்டுவான், நான் அவன் சொன்னபடி திருகுவேன். தடித்த கம்பிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. ஒரு ஸ்குரூ துருப்பிடித்து நகர மறுத்தது. தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். மணி நாலரை. ஆறு மணிக்கு டவுனில் இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஐந்தேகாலுக்காவது இறங்கியாக வேண்டும். ஐந்து கம்பிகளில் அவன் சொன்னதும் எனக்குக் கேட்டதும் ஒன்றாகவே இருந்தது. அவன் காது என்ன காது! எனக்கு வித்தியாசமே தெரியாத இடத்தில்கூட, "இன்னும் ஒரு பொட்டு" என்பான். திருகினால் சரியாக வந்து நிற்கும்.

கடைசியாக, ஆக மெல்லிய கம்பி. தொட்டுத் தட்டினான். அழுத்தித் தட்டினான்.

"சரியா இருக்கு" என்றான்.

சரியாக இல்லை. அழுத்தியது இறங்கிக் கேட்டது. எனக்கே கேட்டது.

"இன்னொரு தடவ தட்டுண்ணே."

தட்டினான். கண்ணை மூடி, கதவோடு காதை ஒட்டிக் கேட்டான். "அதான் சரியா இருக்குன்னு சொன்னேன்ல. மணியப் பாரு, குளிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்தான்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் அந்த ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தித் துண்டை முன்னால் தள்ளினேன். கம்பியை முறுக்கி, அலமாரியில் காதை வைத்துத் தட்டினேன். இன்னும் கால் சுற்று. அழுகை அழுகையாக வந்தது. காது இல்லை, நான்தான் என்று படிக்கட்டில் அத்தனை உறுதியாகச் சொல்லியிருந்தேனே. இரண்டு ஸ்வரமும் ஒன்றானதும் மூடியைப் போட்டேன்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, அந்தக் கம்பியில் மேலே ஏறி ஒரு வரி வாசித்துப் பார்த்தான். என்னை ஒரு முறை பார்த்தான். தண்ணீர்மலையிலிருந்து வந்த அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசினார். ஐந்தேகாலுக்குக் கிளம்பினான்.

வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் அந்தக் குழுவில் வாசித்தான். கம்பி மாற்றும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவான். ஐந்து கம்பிகளை அவனே பார்ப்பான். ஆறாவதான அந்த மெல்லிய கம்பி வந்ததும் ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டி, "இத நீ பாரு பாப்பா, நான் போய் டீ போட்றேன்" என்று எழுந்து போவான். நான் முடித்துக் கூப்பிடும்வரை அடுப்படியில்தான் நிற்பான். ஒருநாளும் டீ போட்டதில்லை.