உட்கார்ந்திருந்தவர்கள்

ஈரச் சாக்கை விலக்கி மதினி அந்த முதல் சிலையைக் காட்டிய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தகரப் பெட்டியின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை. மடியில் கோத்த கைகள். கிட்டே போய்ப் பார்த்த என் அண்ணன், "ஏ, ஒங்கம்மால்ல இது!" என்றான். மதினி தலையசைத்தாள்.

மதினி இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். அந்தத் தேயிலையை நட்டவர்கள் அவளுடைய முன்னோர்கள். ஆனாலும் இவர்கள் நம் நாட்டவர் அல்லர் என்று அங்கே சட்டம் எழுதிவிட்டார்கள். சிறுமியாக அம்மாவோடு கப்பலேறிக் கொடைக்கானல் மலைக்கு வந்தாள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். அட்டுவம்பட்டிக்கு மேலே ஒரு மேட்டில் குடிசை போட்டோம். அவள் அம்மா அங்கேதான் கண்ணை மூடினாள்.

மதினி கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்த நாளில், அந்த மேடு தன்னுடையது என்று சொல்லி ஒருவர் ஆட்களை அனுப்பினார். "சிலோன்காரங்கல்லாம் வெரசா காலி பண்ணுங்க. ஒங்களுக்கு ஏது இங்கன எடம்?" என்று கத்திவிட்டுப் போனார்கள். இரண்டாவது முறையாக ஒரு மண்ணிலிருந்து துரத்தப்படுகிறோமே என்று நாங்கள் அழுதோம். மதினி அழவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு, மிஞ்சிய கம்பியும் சிமெண்டும் சுமந்து வந்தாள். அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சிலை.

"ஏன் மதினி உக்கார வச்சீங்க?" என்று கேட்டேன்.

"நிக்கிறவங்களப் போன்னு சொல்லிறலாம். உக்காந்தவங்கள எழுப்பணும்ல?"

பிறகு வீட்டுக்கு வீடு கேட்டார்கள், எங்க அப்பாவைச் செய்து தா, எங்க அக்காவைச் செய்து தா என்று. பொக்கை வாயை, கோணல் விரலை, தலைப்பாகையை அவரவர் சொல்லச் சொல்ல அவள் குழைத்துப் பூசினாள். அந்த மழைக்காலம் ஓய்ந்தபோது ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டின் இறந்தவர் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் வெள்ளனே, விடிந்தும் விடியாமல், குடிசைகளை இடிக்க மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ஓட்டியவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். இறங்கி வந்து, "இதெல்லாம் சாமிங்களா?" என்றார்.

"சாமியில்லப்பா. எங்க ஆளுக. இந்த மேட்டுலதான் செத்தாங்க" என்றாள் மதினி.

அவர் சிலைகளையே பார்த்தபடி நின்றார். கூட வந்தவர்கள் அதட்டினார்கள். "இத்தன பேரு உக்காந்திருக்கையில எப்படிண்ணே வண்டிய ஏத்துறது? என்னால ஆகாது" என்று அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். நாங்கள் போட்ட குலவை எதிர்மலையில் மோதித் திரும்பியது.

சிலைகளுக்கு முன்னால் இயந்திரம் நின்றதை யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் பரவியது. ஒரு வழக்கறிஞர் தானாகவே ஏறி வந்தார். வழக்கில், மேடு தன்னுடையது என்று சொன்னவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்று தெரிந்தது. பல வருடம் அலைந்து, கடைசியில் எங்கள் பெயருக்கே பட்டா வந்தது.

இப்போது சிலைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். போன வாரம் ஒருவர், "சிலோன்ல உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். மதினி கைச் சிமெண்டைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"பொறந்தது அங்கிட்டுங்க. ஊரு இதுதான்."