முழம் சறுக்கிய லிப்ட்

இந்த லிப்ட்காரரைப்போல இத்தனை ஆத்துமாக்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்த ஊழியக்காரர் உலகத்திலேயே கிடையாது. எவ்வளவு பெரிய பிரசங்கியாரும் இவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மேலே கொண்டுபோனவர்களையெல்லாம் சாயங்காலம் அவரே கீழேயும் இறக்கிவிட்டுவிடுவார். கட்டடமும் ஐந்து மாடிதான். மோட்சத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருக்கிறாள். அதனால் இதற்குமேல் அளக்க வழியில்லை.

கட்டடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'குட்டிப் பிரசங்கி'. கண்ணில் பட்டதிலெல்லாம் ஒரு வேதபாடம் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. லிப்டில் விளக்கு மினுக்கினால் அது விசுவாசம். கதவு சிக்கிக்கொண்டால் அது இடுக்கமான வாசல். ஐந்தாம் மாடிப் பல் டாக்டரம்மாவிடம் போகிறவர்கள் நடுங்கிக்கொண்டு ஏறுவார்கள். "பயப்படாதீங்க. கதவ மூடினா இருட்டு, திறந்தா வெளிச்சம். கல்லறையும் இவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்வார். வந்த ஆள் மூன்றாம் மாடியிலேயே இறங்கி, படிவழியாக வீட்டுக்குப் போனதும் உண்டு.

இரண்டாம் மாடி வக்கீல் மட்டும் பதிலுக்குப் பதில் கொடுப்பார்.

"பாரத்தை இறக்கி வைங்க வக்கீலய்யா. நமக்காகச் சுமக்க ஒருத்தர் இருக்காரு."

"இது கேஸ் கட்டுங்க. இறக்கி வெச்சா என் கட்சிக்காரன் என்னையே இறக்கிடுவான்."

லிப்ட் பழங்காலத்து ஆசாமி. பொத்தான் கிடையாது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பித்தளைக் கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் ஏறும், அந்தப் பக்கம் தள்ளினால் இறங்கும். விட்டால் மேலே இயந்திர அறையில் ப்ரேக் கடித்துக்கொள்ளும். விட்ட உடனே நிற்காது. நாலு விரல் வழுக்கித்தான் நிற்கும். அந்த நாலு விரலை முன்கூட்டியே கணித்துக் கையை எடுப்பதுதான் லிப்ட்காரரின் வித்தை. அவர் நிறுத்தினால் லிப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே பலகைபோல இருக்கும்.

ஒரு நாள் அது பலகைபோல இல்லை. கீழே இறங்கி வந்த வக்கீல், தரைத்தளத்தில் வெளியே காலை வைத்தவர் தடுக்கி, கேஸ் கட்டோடு குப்புற விழப்போனார். லிப்ட் தாழ நின்றிருந்தது.

"பாத்தீங்களா, தன்னைத் தாழ்த்துகிறவன்தான் உயர்வான்" என்று லிப்ட்காரர் சிரித்தார்.

"அத என் மூக்கு உடையறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். லிப்ட்காரரும் சிரித்தார். ஆனால் அவருடைய கை சிரிக்கவில்லை. கைக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் கொஞ்சம் முன்னதாகவே கைப்பிடியை விட ஆரம்பித்தார். நாலு விரல், ஒரு சாண் ஆயிற்று. லிப்ட் மறுபடி பலகைபோல நின்றது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சில வாரம் போனதும் சாணும் போதவில்லை. முக்கால் முழம் முன்னதாக விட்டால்தான் சரியாக நின்றது. கூட்டம் ஏறினால் இன்னும் முன்னதாக. நிற்கும்போது மேலேயிருந்து இஸ்திரிப்பெட்டி துணியைத் தீய்த்ததுபோல ஒரு வாடை இறங்கிவரும். கம்பிவடம் போகும் ஓட்டை வழியாக மையைப்போல் கரும்பொடி உதிர்ந்து அவர் தோளில் உட்காரும்.

மனைவிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. ஐந்தாம் மாடியில், பல் டாக்டரம்மாவுக்கு எதிர்ப்புறம் இருந்த தையற்கூடத்தில் பொத்தான் தைப்பது. வீட்டில் துணி துவைக்கிறவளும் அவள்தானே.

"ஏங்க, உங்க சட்டைத் தோள்ல என்ன கரி? எத்தன தடவ தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."

"பாவக்கறை. சோப்புக்குப் போகாது."

"உங்க பாவத்துக்கு என் கைதானா கிடைச்சுது? வெளையாடாதீங்க. அந்த லிப்டுக்கு என்ன?"

"அதுக்கென்ன, வெண்ணெய் மாதிரி ஓடுது."

அவளிடம் சொல்லாத சேதி ஒன்று இருந்தது. கட்டட முதலாளி ஒருநாள் லிப்டில் ஏறி, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தரம் இது மக்கர் பண்ணட்டும், கழட்டிப் போட்டுட்டுப் பட்டன் லிப்ட் வெச்சுடறேன். அப்புறம் இந்த ஸ்டூலுக்கும் வேலை இல்ல." ஸ்டூலுக்கு என்றுதான் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரியாமலா போகும்?

வழக்கமாகப் பார்க்க வரும் மெக்கானிக் வந்தபோது, லிப்ட்காரரே அவரை ஏற்றி ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திக் காட்டினார். தரையோடு தரையாக நின்றது.

"அடடா, உங்க கைக்கே ஒரு மாலை போடணும்ணே. மேல ரூமுக்கு ஏறி ஒரு பார்வை பார்த்துரட்டுமா?"

லிப்ட்காரர் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு சொல் இருந்தது. வெளியே வந்தது வேறொன்று.

"எதுக்கு வீணா ஏறி இறங்கிட்டு? கம்ப்ளெய்ன்ட் எதுவும் இல்ல. மூட்டு வலின்னு சொன்னீங்களே."

மெக்கானிக் மூட்டைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் லிப்ட்காரர் ஆளில்லாத லிப்டில் உட்கார்ந்து யோசித்தார். மனச்சாட்சி உறுத்தினால் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். இவர் ஒரு பாடம் கண்டுபிடித்தார். அன்பு குறைகளை மூடும் என்று வேதத்தில் ஓர் இடம் உண்டு அல்லவா? பழைய லிப்ட், வயதான லிப்ட். அதன் குறையை அம்பலப்படுத்தாமல் என் கையால் மூடுகிறேன். இதுவும் அன்புதானே? நினைக்க நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து, வருகிற ஞாயிறு ஆராதனையில் தன் விசுவாச அனுபவத்தை எல்லார் முன்னும் ஒரு சின்னச் சாட்சியாகச் சொல்லும்படி போதகர் கேட்டார். தலைப்பு தயாராக இருந்தது: 'மூடுகிற அன்பு'. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, லிப்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகினார். தலைக்குமேல் கம்பிவடம் முனகிக்கொண்டே கேட்டது. தோளில் பொடி உதிர்ந்தது. கை, முழம் முன்னதாக விட்டது.

சாட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கிளம்பியது. கன்னம் வீங்கிப் பன்னாகிவிட்டது.

"பிரசங்கியார் வாயிலேயே கர்த்தர் கைய வெச்சுட்டாரே" என்றாள் மனைவி. "மேல டாக்டரம்மாகிட்ட காட்டுங்க. நீங்க எத்தன பேர பயமுறுத்தி அனுப்பியிருப்பீங்க, உங்க முறை வந்தாச்சு."

மத்தியானம் வாட்ச்மேனிடம் கைப்பிடியை ஒப்படைத்தார். அவருக்கு உடல்நிலை சரியில்லாத நாட்களில் ஓட்டுவது இந்த வாட்ச்மேன்தான்.

"தம்பி, நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கு மேல ஏத்தாத."

"ஏன்ணே?"

"சும்மாதான்."

"போங்கண்ணே, நான் ஓட்டாத லிப்டா? நீங்க போய்ப் பல்லைப் பாருங்க."

நாற்காலியில் சாய்ந்தார். டாக்டரம்மா ஊசி போட்டார். நாக்கு தடித்தது, உதடு யாருடையதோ ஆயிற்று. ஒரு பக்கம் பஞ்சை அடைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, நல்லா மரக்கட்டும்" என்று டாக்டரம்மா கை கழுவப் போனார்.

அப்போதுதான் வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. துணிக்கட்டு ஏற்றிய வண்டி. சாயங்காலம் இறங்கவேண்டியது, வேலை சீக்கிரம் முடிந்து இப்போதே வருகிறது. கூடவே தையற்கூடப் பெண்களின் சிரிப்பு. வாட்ச்மேனின் குரல் ஏதோ தயங்கியது. ஒருத்தி சொன்னாள்: "ரெண்டு பேரா? நீ என்ன ராஜாவ ஏத்தற பல்லக்கா ஓட்டற? தள்ளு தம்பி." கடைசியாக ஒரு குரல்: "கொஞ்சம் இடம் விடுங்கடி, நானும் வந்துடறேன்."

அது அவர் மனைவியின் குரல்.

கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடினார். டாக்டரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. கம்பிக் கதவு மூடிவிட்டிருந்தது. லிப்டின் வெளிச்சம் அவர் காலுக்குக் கீழே அமிழ்ந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நிறுத்து என்றுதான் கத்தினார். பஞ்சுக்கும் மரத்த நாக்குக்கும் நடுவிலிருந்து மாடு முனகுவதுபோல ஏதோ வந்தது. மனைவி அண்ணாந்து பார்த்தாள். கோணின வாயும் கழுத்துத் துணியுமாக நின்ற புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த முகத்தோடே இருட்டுக்குள் இறங்கிப்போனாள்.

லிப்ட் இறங்கினால், அதற்கு எதிராக ஓர் இரும்புப் பாளம் ஏறும். லிப்ட் தரைத்தளத்தில் நிற்கும்போது பாளம் ஐந்தாம் மாடியில் அவர் மார்புக்கு நேரே வந்து நிற்கும். வருஷக்கணக்காகப் பார்த்த விஷயம். இப்போது கம்பிக் கதவுக்குப் பின்னால் அது இருட்டிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கியது. முழங்கால் அளவுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. இந்நேரம் வாட்ச்மேன் கையை எடுத்திருப்பான், எல்லாரும் எடுக்கும் இடத்தில், நாலு விரல் முன்னதாக. மேலே ப்ரேக் கீச்சிட்டது. பாளம் மார்புக்கு வந்தது. நிற்கவில்லை. கழுத்துக்கு வந்தது. அவர் முகத்துக்கு நேரே, மூச்சுப் படும் தூரத்தில், யாரோ எழுந்து நிற்பதுபோல எழுந்து, மேலே போயிற்று.

அடியில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. லிப்ட் தரைத்தளத்தைத் தாண்டி, குழியிலிருந்த ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருந்தது. மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. வக்கீலும் இன்னும் நாலு பேரும் கம்பிக் கதவை நெம்பி, உள்ளேயிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். துணிக்கட்டுகள் மெத்தையாக விழுந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வாட்ச்மேனின் உதடு கிழிந்திருந்தது. கடைசியில் வந்த மனைவியின் கணுக்கால்மேல் தள்ளுவண்டி ஏறியிருந்தது. அவளை ஒரு துணிக்கட்டின்மேல் உட்காரவைத்தார்கள்.

முதலாளி வந்தார். கைப்பிடி யாரிடம் இருந்தது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"தூங்கிட்டே ஓட்டினியா? யூனிஃபார்மைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

"இல்லீங்க முதலாளி, எப்பவும் விடற எடத்துலதான் விட்டேன். சத்தியமா." வாட்ச்மேன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியுமே நான் எப்படி ஓட்டுவேன்னு."

லிப்ட்காரர் தன் வாயைக் கையால் காட்டினார்.

"அவரால பேச முடியாது, ஊசி போட்டிருக்கு. விடு" என்றார் முதலாளி. பழத்தை உரித்து வாயில் வைத்ததுபோலச் சாக்கு தானாக வந்தது. பேசாமல் நின்றால் போதும். ஸ்டூல் மிஞ்சும், பெயர் மிஞ்சும், ஞாயிற்றுக்கிழமை சாட்சியும் மிஞ்சும். வாட்ச்மேன் ஒருவன்தான் மிஞ்சமாட்டான்.

மனைவி அவர் தோளைப் பார்த்தாள். புதுக் கரி படிந்திருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மரத்தது வாய் மட்டுந்தானா?" என்றாள்.

மூன்று வார்த்தை. பிரசங்கம் என்றால் அதுதான் பிரசங்கம். வாட்ச்மேன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். லிப்ட்காரர் சுவரில் சாய்ந்து காத்திருந்தார். மெல்ல மெல்ல மரப்பு விட்டது. விட்டதுதான் தாமதம், நிமிர்ந்து நின்று, ஐந்து மாடியும் எதிரொலிக்க முழங்கினார்: "முதலாளி! பிறருடைய குறையை மூடுவது அன்பு. தன்னுடைய குறையை மூடுவது வஞ்சகம். நான் அன்பினால் மூடவில்லை, பயத்தினால் மூடினேன்!" கேட்டவர்கள் கண்ணில் தண்ணீர். வக்கீலே குறுக்கு விசாரணை செய்யவில்லை.

மெக்கானிக் மேலே ஏறிப் பார்த்தபோது ப்ரேக் கட்டை தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. "இவ்வளவு நாள் எப்படிண்ணே நின்னுச்சு?" என்று கேட்டாராம். லிப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். ஸ்டூல் போய்விட்டது. இப்போது அங்கே பட்டன் லிப்ட். வாட்ச்மேன் வாசலில் இருக்கிறான். இவர் தையற்கூடத்தில் துணிக்கட்டு கட்டுகிறார். ஞாயிறன்று சாட்சி சொல்லவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தார். இன்றுவரை மாடிக்குப் படியில்தான் ஏறுகிறார். லிப்ட் தாண்டிப் போகிற சத்தம் கேட்டால், சுவரோரமாக ஒதுங்கி, அது நிற்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாம் சரிதான். முழங்கினாராமே, அது மட்டும் சரியில்ல. மரப்பு எங்க விட்டுச்சு? பஞ்சைத் துப்பிட்டு, எச்சில் வழிய, கோணின வாயோட நாலே வார்த்தை சொன்னாரு. 'ப்ரேக் தேஞ்சுது. எனக்குத் தெரியும்.' முதலாளிக்குப் புரியல. மறுபடி சொன்னாரு. அப்பவும் புரியல. மூணாவது தடவ அழுதுக்கிட்டே சொன்னாரு. நல்லவேளை வாய் மரத்திருந்துச்சு. சரியா இருந்திருந்தா, நீங்க இப்ப சொன்னீங்களே, அந்த மாதிரி அழகா ஒரு பாடம் சொல்லி அதையும் மூடியிருப்பாரு."