பூமுடி

மெட்ராஸ் காலேஜிலிருந்து அக்கா வருகிறாள் என்றால் எனக்குத் திருவிழாதான். நைனாவை இழுத்துக்கொண்டு ரயில் வருவதற்கு வெகுமுன்பே திருத்தணி ஸ்டேஷனில் போய் நின்றுவிடுவேன். எழுபதுகளில், எங்கள் தெருவிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போன முதல் பெண் அவள். பரீட்சையில் தேறிவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்திருந்தாள். ஆனால் அந்த முறை ரயிலைவிட்டு இறங்கியவள் என்னைத் தூக்கவில்லை. வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கதை கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்பாள். அந்த அப்புறம் வரவேயில்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டலில் அவளுடன் ஒரே அறையில் இருந்த பெண் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். 'போகாதே, கூட இரு' என்று அவள் கேட்டதும், அக்கா பரீட்சைக்குப் போனதும் பெரியவர்கள் பேச்சில் என் காதில் விழுந்தன. தேறியவள் ஏன் இப்படிக் கிடக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு நாள் காலை, மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளப் போவதாக அக்கா சொன்னாள். அம்மா மறுபேச்சில்லாமல் கூடக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அக்கா பின்னலை அவிழ்ப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு மொதல்ல எடுங்க. அப்புறம் அவளுக்கு."

"நீ எதுக்கும்மா?" அக்கா பதறினாள்.

"அந்தப் பொண்ண உட்டுட்டுப் போனது தப்புன்னா, அதுல எனக்கும் பங்கு இருக்குது. எது வந்தாலும் பரீட்சைய உட்றாதேன்னு சொல்லி அனுப்புனது நான்தானே?"

அக்கா அம்மாவின் மடியில் விழுந்து, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். கத்தியோடு காத்திருந்தவர், "இன்னாம்மா, எடுக்கட்டுமா வேணாமா?" என்றார்.

"பூமுடி போதுங்க," என்றாள் அம்மா.

இருவர் தலையிலும் நுனியில் கொஞ்சம் நறுக்கினார். அவ்வளவுதான்.

மொட்டை என்று சொல்லிவிட்டு நுனிமுடியைக் கொடுத்துச் சாமியை ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்கு ஒரே பயம். சன்னதியில் அக்கா கண்ணை மூடி, உதடுகள் அசைய வெகுநேரம் நின்றாள். அதற்குத்தான் கெஞ்சுகிறாள் என்று நினைத்து, நானும் முருகனிடம் இருவருக்காகவும் மன்னிப்புக் கேட்டேன்.

இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் காலேஜுக்குத் திரும்பினாள். பிறகு வேலை, கல்யாணம் என்று தூரமாகவே போய்விட்டாள். அந்தப் படிகளில் அவளோடு இன்னொரு தடவை இறங்கக் கிடைக்காதா என்று இப்போதும் இருக்கிறது.

சன்னதியில் யாரிடம் பேசினாய் என்று அன்றைக்கு நான் அவளைக் கேட்கவில்லை. அங்கே முருகனைத் தவிர வேறு யாராவது இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை.