பூட்டிய வீட்டுக்கு முகவரிச் சான்று

போன வாரம் ஒரு சாயங்காலம். எனக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் ஜெயந்தி, பிளஸ் டூ படிக்கும் மகளோடு என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள்.

"அக்கா, நாங்க வெளிய போன நேரம் பார்த்து வூட்டு ஓனர் பூட்டு போட்டுக்கினு போய்ட்டாருக்கா!"

பக்கத்து ஊரான வடக்குத்தில் வாடகைக்கு இருக்கிறாள். கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, அப்போது ஷிப்டில் இருந்தார். ஓனருக்கு மகன் கல்யாணம், வீடு வேண்டுமாம். பரீட்சை முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் பொறுத்த லட்சணம் இது! மறுநாள் காலை பரீட்சை. ஹால் டிக்கெட் வீட்டுக்குள்ளே.

இந்தக் காலத்தில் எதற்குப் பதற வேண்டும்? செல்போனில் தேடினேன். இலவச சட்ட உதவிக்கென்றே ஒரு வெப்சைட்! முதல் பக்கத்தில் பெரிய மனிதர்கள் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற்றி முடித்து நகர்ந்ததும்... 'தாங்கள் குத்தகைதாரரா? உரிமதாரரா? அனுமதியற்ற குடியிருப்பாளரா?'

ஜெயந்தி விழித்தாள். "நாங்க வாடகைக்கு இருக்கோம்க்கா... அது எதுல வரும்?"

குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினேன். அடுத்த கட்டளை – 'தற்போது வசிக்கும் வீட்டின் முகவரிச் சான்றைப் பதிவேற்றவும்.'

"எல்லாம் உள்ள பீரோலதான் இருக்கு" என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

வீட்டைத் திறக்க முடிந்தால் இவர்களிடம் ஏன் வரப் போகிறோம்? வடிவமைத்தவர் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்!

பக்கத்தின் அடியில், பார்வையாளர் எண்ணிக்கைக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர். எடுத்தவர் ஒரு பெண் வக்கீல். ஜெயந்தி அழுதுகொண்டே சொன்னதை முழுசாகக் கேட்டார். சான்று எதுவும் கேட்கவில்லை!

"அழாதீங்கம்மா. கோர்ட் ஆர்டர் இல்லாம அவரா பூட்டக் கூடாது. நேர்ல போய் அவர்கிட்ட போனைக் கொடுங்க. திறக்கலைன்னா போலீஸ் ஸ்டேஷன் போங்க, அங்கேயும் நான் பேசறேன்."

ஆட்டோ பிடித்துப் போய், அடுத்த தெருவில் இருந்த ஓனரை வீட்டு வாசலுக்கு வரவழைத்தோம். ஓனர் எகிறினார். "என் வூடு, நான் பூட்டுறேன். உங்களுக்கு இன்னாங்க வந்துச்சி?"

போனைக் காதில் வைத்ததும் குரல் இறங்கியது. "சரிங்க மேடம்... தெரியாம செஞ்சிட்டேங்க மேடம்..."

பூட்டு திறந்தது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, ஹால் டிக்கெட்டோடு வந்தாள். பரீட்சை முடிந்தபின் வேறு வீடு பார்ப்பதென்று பேசி முடித்தோம்.

கிளம்பும்போது ஓனர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்த வக்கீலம்மா நம்பர் கொஞ்சம் குடுங்க மேடம். குள்ளஞ்சாவடியில நம்ம கடை வாடகை இடங்க. இடத்துக்காரன் திடீர்னு காலி பண்ணுங்கறான்... நியாயமாங்க?"

நம்பரைக் கொடுத்தேன். பின்னே? வெப்சைட்டைக் கொடுக்கும் அளவுக்கு அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை!