முட்டியால் மூடிய கதவுகள்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கார் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் முட்டி. முழங்காலில் இருக்கிறதே, அந்த முட்டி.

அசெம்பிளி லைனின் கடைக்கோடியில் அவருக்கு வேலை. அங்கே வந்து சேரும் எந்தக் காரின் கதவும் ஒழுங்காக மூடாது. தகட்டை அழுத்திக் கதவாக்கும் பிரஸ்ஸின் அச்சில் எந்தக் காலத்திலோ விரிசல் விழுந்திருந்தது. அதை மாற்ற லைனை நிறுத்த வேண்டும். முட்டி இருக்கும்போது எதற்கு நிறுத்துவது என்று மேலே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். அச்சில் வேலை செய்தவர்களும் வாய் திறக்கவில்லை. முட்டி கதவை அகலத் திறப்பார். கீல் இடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகுவார். முட்டியை முட்டுக் கொடுத்து ஓர் எத்து எத்துவார். தகடு அலறும். அப்புறம் ரப்பர் சுத்தியலால் விளிம்பில் நாலு சாத்து. கடைசியில் ஓங்கி ஓர் அறை. கதவு வாயை மூடிக்கொள்ளும்.

நாள் முழுக்க அடித்த கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. அலமாரிக் கதவு, குளியலறைத் தாழ்ப்பாள், பிள்ளைகளின் முதுகு, எல்லாம் அந்தக் கையை அறியும். மனைவி மட்டும் அடுப்படியிலிருந்தே அதட்டுவாள். இது தொழிற்சாலை இல்லை, வீடு என்று நினைவுபடுத்துவாள்.

அவளுடைய தம்பி முதலில் வாங்கியது மாமாவின் கம்பெனியில் செய்த கார்தான். மாமா கை பட்ட வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓட்டினான். ஒருநாள் ஒரு வளைவில் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது. சாய்ந்து உட்கார்ந்திருந்த அவன் மகள் சாலையில் உருண்டாள். கை இரண்டாக ஒடிந்து, கோணலாகவே கூடியது. அந்தக் காரைத் தலைமுழுகிவிட்டு நீல நிறத்தில் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினான். அதே காரில் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினான்.

முட்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. சோறு போட்ட கம்பெனிக்குக் குழி வெட்டுகிறவன் தன் வாசலிலேயே வண்டியை நிறுத்துகிறானே என்று கத்தினார்.

மச்சினன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க முட்டியால எத்தி அனுப்பின கதவுதான் மாமா, என் பொண்ணைக் கீழ தள்ளினது."

அறை விழுந்தது. மச்சினனின் உதடு கிழிந்து சட்டை நனைந்தது. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டை மூடினார்கள். கார்கள் விற்காமல் மைதானத்தில் வெயிலில் வெந்தன. தொழிலாளிகள் சோம்பேறிகள் என்றது நிர்வாகம். நிர்வாகம் தின்று தீர்த்துவிட்டது என்றது சங்கம். வெளிநாட்டுக்காரன்தான் காரணம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்தார்கள். சங்கத் தலைவர் எங்கிருந்தோ ஒரு பழைய வெளிநாட்டுக் காரைப் பிடித்து வந்து வாயிலில் நிறுத்தினார். ஆளுக்கொரு அடி. முதல் அடியை முட்டிதான் போட வேண்டும்.

சம்மட்டியைக் கையில் கொடுத்தார்கள். கார் நீல நிறம், மச்சினன் வைத்திருந்த அதே ரகம். முட்டி கதவைத்தான் குறிவைத்தார். அடிக்க அடிக்க மச்சினனின் கிழிந்த உதடுதான் கண்ணில் நின்றது. கண்ணாடி பொடிந்தது, தகடு குழிந்தது, கூட்டம் ஊளையிட்டது. மூச்சு வாங்கியபோது, பழக்கதோஷத்தில் கதவை இழுத்து மூடிப் பார்த்தார். க்ளிக் என்று மூடிக்கொண்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெறிகொண்டு அடித்தார்.

வண்டி கூழானது. டயருக்குத் தீ வைத்தார்கள். ஆனாலும் கூட்டத்தின் கை அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து முனையில் திரும்பியது மச்சினனின் நீலக் கார்.

வாயிலில் கலவரம் என்று கேள்விப்பட்டு முட்டியின் மனைவி தம்பியிடம் அழுதிருக்கிறாள். அறைந்தவரைக் கூட்டிப்போக அறை வாங்கியவன் வந்திருந்தான்.

கூட்டம் பாய்ந்தது. முன்கண்ணாடியில் செங்கல் இறங்கியது. அவன் பின்னால் எடுக்கப் பார்த்தான், வழியில்லை. பத்திருபது பேர் ஒரு பக்கமாகக் கை கொடுத்துத் தூக்கினார்கள். கார் புரண்டு தலைகீழாக விழுந்தது. கூரை நசுங்கியது. மச்சினன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான். நெற்றியிலிருந்து ரத்தம் முடிக்குள் ஓடியது. பெட்ரோல் எரிகிற டயரை நோக்கி ஊர்ந்தது.

முட்டி சம்மட்டியோடு முண்டியடித்து உள்ளே நுழைந்தார். தலைவர் இரும்புக் கம்பியோடு குறுக்கே நின்றார்.

"விடு முட்டி. இவனுங்களாலதான் நம்ம அடுப்பு அணையுது."

"அவன் என் பொண்டாட்டி தம்பிண்ணே."

"அப்ப நீயும் அந்தப் பக்கமா?"

கம்பி முட்டியின் தோளில் இறங்கியது. முட்டி சம்மட்டிப் பிடியைச் சுழற்றினார். தலைவரின் மணிக்கட்டு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம் யாரும் கிட்டே வரவில்லை. சுற்றி நின்று கல்லெறிந்தார்கள்.

கூரை அமுங்கியதில் கதவு இறுகியிருந்தது. முட்டி மண்டியிட்டு, கதவு இடுக்கில் சம்மட்டிப் பிடியைச் செருகி நெம்பினார். அசையவில்லை. ஆயுசு முழுக்க வளைகிற தகட்டையே எத்திப் பழகியவருக்கு வளையாத தகடு புதிது. உள்ளே மச்சினன் மாமா மாமா என்று முனகிக்கொண்டிருந்தான். ஒரு கல் முட்டியின் காதைக் கிழித்தது. முட்டியை முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து, உயிரைக் கொடுத்து ஓர் எத்து எத்தினார். கதவும் காலும் ஒன்றாகக் கத்தின. எது முதலில் உடைந்தது என்று அவருக்கே தெரியாது. பெல்ட்டைக் கழற்றி, மச்சினனின் சட்டைக் காலரைப் பிடித்து, தவழ்ந்தே வெளியே இழுத்துப் போட்டார். பின்னால் கார் பற்றிக்கொண்டது.

கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. லைனின் கடைசியில் வேறு யாரையோ நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவன் கதவை வளைத்தான், ஒருவன் கீலையே பிய்த்தான். மூடாத கதவுகளோடு கார்கள் வரிசையில் தேங்கின. அப்போதுதான் யாரோ பிரஸ்ஸின் அச்சைப் போய்ப் பார்த்தார்கள். புது அச்சு வருவதற்குள் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு தலைவர் டீக்கடையில் புதுக்கணக்குச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரன் கூட இல்லப்பா. கம்பெனியைக் கவுத்தது நம்ம முட்டிதான்."

சிரித்தார்கள். சில பேர் சிரிக்காமலே நம்பினார்கள். முட்டி வீட்டு ஜன்னலில் ஒரு கல்லும் விழுந்தது. முட்டி புதுக் கண்ணாடி போடவில்லை, அட்டையை ஒட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு மச்சினன்தான் கூட்டிப்போவான். மறுபடியும் வெளிநாட்டுக் கார், இந்தத் தடவை சாம்பல் நிறம். முதல் நாள் பின்சீட்டில் அவன் மகள் இருந்தாள். முட்டி நீட்டிய காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, கதவை வழக்கம்போல் ஓங்கி அறைந்தார்.

குழந்தை நடுங்கி, கோணல் கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முட்டி அதைப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார்.

மச்சினன் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். "மெதுவா இழுத்தாலே போதும் மாமா."

முட்டி கதவை மறுபடி திறந்தார். சுத்தியல் பிடித்துக் காய்த்த கையால் விளிம்பைத் தொட்டு, கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, மெல்ல இழுத்தார்.