யார் கொடுத்த நோய்

பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. நோயைப் பார்த்து அலுக்கவில்லை. யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்ற கேள்விதான் அலுப்பு. சிபிலிஸ் ஐரோப்பாவில் பரவியபோதும் இதே கதைதான் நடந்திருக்கிறது. இத்தாலிக்காரர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், துருக்கியர்கள் கிறிஸ்தவர்கள் தலையில் கட்டினார்கள். நாம் மட்டும் சளைத்தவர்களா? கப்பலில் வந்த பறங்கியர் பேரில் பறங்கிப்புண் என்று வைத்தோம். இதுவும் வெட்டை என்கிற கொனோரியாவும் ஒன்றுதான் என்று மருத்துவர்களே வெகுகாலம் குழம்பிக்கிடந்தார்கள். கிருமியைக் கண்ணில் காணப் பல நூற்றாண்டுகள் ஆயின. பழி போட அவ்வளவு நேரம் ஆகவில்லை.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். வளைகாப்பு முடிந்து மயிலாப்பூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்தவள். ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று தெரிந்தது. "அவரத் தவிர யாரையும் தெரியாதுக்கா" என்று அழுதாள். கணவனுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து தங்கிப் போவான். அவனும் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் இவளுக்கு மறுபடி தொற்றும், வயிற்றுப்பிள்ளைக்கும் ஆபத்து என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அவன் வரவில்லை. அவளுடைய அம்மாவைக் கேட்டேன்.

"ஒடம்பு சூடு, அதுக்கு ஊசின்னு மாப்ள கிட்ட சொல்லிக்கீறோம் மேடம். வேற இன்னா சொல்றது? பொண்ணத் தள்ளி வெச்சிட்டாங்கன்னா?"

வளைகாப்புக்குப் பிறகு பெண்ணின் உடம்பு தாய்வீட்டின் பொறுப்பு. அவளுக்குச் சூடு என்றால் இவர்கள் இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைக்கு அதில் என்ன வேலை? உலகத்திலேயே பழியில்லாத ஒரு பெயரை அந்த அம்மா கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பெயரால் அவனுக்கு மருந்தும் இல்லாமல் போயிற்று. அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில், அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு நானே அவனுக்குப் போன் செய்தேன். அடுத்த ஊசி நாளில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். எவ்வளவு சொல்லியும் அவன் மசியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் ஊசி போட்டுக்கினா, நான்தான் குடுத்தேன்னு ஆயிடும்ல?"

இங்கே அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றேன். அவன் எழுந்து கதவுப் பக்கம் போனான். அப்போது அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"என்னாலதான் வந்துச்சு மாமா. நீ போட்டுக்கோ."

வாய் திறக்கப் போனேன். அவள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, முகம் தெளிந்து ஊசி போடும் அறைக்குப் போனான்.

"இனிமே புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?" என்று கேட்டாள்.